தலைமையாசிரியர் அறைக்கு ஒருவர் வரட்டும்

தொடக்கக் கல்வித் துறையை நடத்தும் அலுவலர்களுக்கும், சேலம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும், உத்தமசோழபுரத்தில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தாருக்கும்

வணக்கம்.

நான் ஏற்காடு ஒன்றியத்தில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து 2023 மே மாதம் ஓய்வு பெற்றவள். முதல் 18 ஆண்டு இடைநிலை ஆசிரியை. அப்புறம் ஏழு ஆண்டு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை, கடைசிப் பத்தாண்டு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை. குடியிருப்பது கீழே அயோத்தியாப்பட்டணத்தில். பணிக்காலம் முழுக்க மலைக்குப் பஸ் ஏறி இறங்கியே கழிந்தது.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன் வந்தது. என்னிடம் இளம் ஆசிரியையாக இருந்த பெண். இந்த ஜூனில்தான் மலையில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றிருக்கிறாள். நலம் விசாரித்து முடிப்பதற்குள், "மேடம், ரிவர்ஷன் கேட்டா குடுப்பாங்களா?" என்றாள். பதவி உயர்வு வேண்டாம், பழையபடி ஆசிரியையாகவே போய்விடுகிறேன் என்று கேட்கிறாள். எத்தனையோ வருடம் காத்திருந்து கிடைத்த பதவி. நான்கு மாதத்தில் திருப்பிக் கொடுக்க நினைக்கிறாள்.

என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. யாரும் திட்டவில்லை, தணிக்கைத் தடை எதுவும் இல்லை. "எதைச் செஞ்சாலும் சரியா தப்பான்னு கேக்க ஆளில்லீங்க மேடம்" என்றாள். அந்த ஒரு வரிக்காகத்தான், புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியருக்கு உடனிருந்து உதவ ஒருவர் வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன்.

2006ல் நான் பொறுப்பேற்ற நாளை அப்படியே சொல்கிறேன். முந்தைய தலைமையாசிரியர் மாறுதலில் போயிருந்தார். இரும்பு பீரோவைத் திறந்து வைத்து, சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, பாஸ்புக், ரசீதுப் புத்தகம் என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார்கள். பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். சாவிக்கொத்து வந்தது. பன்னிரண்டு சாவி, அதில் நான்குக்குப் பூட்டே இல்லை. மணி அடிக்கிற தண்டவாளத் துண்டுகூடப் பட்டியலில் இருந்தது. எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அன்றைக்கு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து, சரி, இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது. பீரோவில் இருந்தவற்றை எல்லாம் ஒப்படைத்தார்கள். வேலையை யாரும் ஒப்படைக்கவில்லை.

நல்லாசிரியர் எல்லாரும் நல்ல தலைமையாசிரியர் ஆகிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் நம் முன்னுரிமைப் பட்டியல் நகர்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை. வகுப்பில் பிள்ளைகள் நான் சொன்னால் கேட்பார்கள். தலைமையாசிரியரான மறுநாள், நேற்றுவரை என்னோடு டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிட்ட ஆசிரியையிடம் "ஏன் லேட்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. சத்துணவு அமைப்பாளரிடம் முட்டைக் கணக்குப் பேச வேண்டும். ஊராட்சி மன்றத் தலைவரிடம் சுற்றுச்சுவர் கேட்க வேண்டும். குடித்துவிட்டுப் பள்ளி வாசலில் நிற்கும் அப்பாவைச் சமாளிக்க வேண்டும். இதில் எதற்கும் ஆசிரியர் பட்டயப் படிப்பில் பாடம் கிடையாது.

இதிலே மலைப் பள்ளியின் நிலை இன்னும் வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்பெடுக்கும் ஆசிரியர்களோடு கூடுதலாகத் தலைமையாசிரியர் என்று ஓர் ஆள், தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளைத் தாண்டினால்தான். சேர்வராயன் மலையில் ஒரு குக்கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு எங்கே போவது? ஆகவே இங்கே தலைமையாசிரியர் என்பவர் மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியர். இடையில் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவு, காலை உணவு, மத்தியானச் சாப்பாடு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், வாட்ஸ்அப்பில் "உடனடி" என்று வரும் விவரக் கோரிக்கை. இன்னோர் ஆசிரியர் பயிற்சிக்கோ மாற்றுப்பணிக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். மேலே பல இடங்களில் சிக்னலும் கிடைக்காது. நான் பாறை மேல் ஏறி நின்று வருகைப் பதிவு அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் கீழே நின்று "வந்துருச்சா டீச்சர்?" என்று கேட்பார்கள்.

துறை பயிற்சியே தரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தில்லியில் பள்ளித் தலைமைக்கென்று ஒரு தேசிய மையம் 2012 முதல் இருக்கிறது. 2019ல் வந்த நிஷ்டா என்ற தேசிய ஆசிரியர் பயிற்சியில் தலைமைத்துவம் என்று தனிப் பகுதியே உண்டு. அதற்கு முன்னும் பின்னும் வட்டார வள மையத்தில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல கருத்தாளர்களும் வந்தார்கள். புரொஜெக்டரில் தலைவரின் பண்புகள் ஓடும், குழுவாகப் பிரிந்து சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டுவோம், கடைசியில் பின்னூட்டப் படிவம். கேட்கும்போது உற்சாகமாகத்தான் இருக்கும். மறுநாள் காலை பள்ளிக்குப் போனால், தண்ணீர் மோட்டார் ஓடாது, இரண்டாம் வகுப்புக்கு ஆசிரியர் வந்திருக்க மாட்டார். சார்ட்டில் எழுதியதை எந்த இடத்தில் பொருத்துவது என்று தெரியாது. ஒரு மாதத்தில் அது மறந்தே போகும்.

இது எங்கள் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஜாய்ஸ், ஷவர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980களிலேயே இதைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். விளக்கிச் சொல்வது, செய்து காட்டுவது, பயிற்சி அறையில் செய்ய வைப்பது, இத்தனையும் சேர்ந்தாலும் வகுப்புக்குள் போய்ச் சேருவது கொஞ்சம்தான். அவரவர் இடத்தில் ஒருவர் தொடர்ந்து உடனிருந்து உதவினால்தான் அது பழக்கமாகிறது என்றார்கள். நம் ஊருக்கு இது புதிய சங்கதியா? சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் ஒரு பையன் பற்றவைப்பதை இரண்டு நாள் வகுப்பில் கற்றுக்கொண்டதாகச் சொன்னால் சேலத்தில் யாராவது நம்புவார்களா? கைதேர்ந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைப் பார்த்து, "இப்ப சூடு பத்தலை, தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்த வேலை வரும்.

எனக்கு அப்படி ஒருவர் அமைந்தார். துறை ஏற்பாட்டில் அமைந்தவர் இல்லை, பஸ்ஸில் அமைந்தவர். எங்கள் பள்ளிக்கு அப்பால் இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருந்தது. நாங்கள் எல்லாரும் அவரைப் பெரிய சார் என்போம். பொறுப்பேற்ற மூன்றாம் மாதம் ஒருநாள் குப்பனூர் தாண்டிப் பஸ் மலை ஏறும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டச்சேடு வந்ததும், "வர்ற சனிக்கிழமை உங்க ஸ்கூலுக்கு வரட்டுங்களா டீச்சர்? சும்மா பார்த்துட்டுப் போறேன்" என்றார்.

வந்தார். அப்புறம் இரண்டு ஆண்டு, மாதம் ஒருமுறை, சில மாதம் தவறினாலும், வந்துகொண்டே இருந்தார்.

முதல் நாள் நான் பிரச்சினைகளை வரிசையாகக் கொட்டினேன். அதில் பெரியது காப்பிப் பழ சீசன். நவம்பர் பிறந்தால் எங்கள் பள்ளியில் வருகை சரியும், ஜனவரி கடந்துதான் எழும். எஸ்டேட்டில் பழம் பறிக்க அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விடுவார்கள். நான் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைச் சத்தம் போட்டேன். பிள்ளைகளையும் அடித்திருக்கிறேன். இதை எழுத எனக்கு இப்போதும் கை கூசுகிறது. எதுவும் பலிக்கவில்லை. "இந்த மக்களுக்குப் படிப்போட அருமை தெரியலை சார்" என்று சொன்னேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. "வருகைப் பதிவேட்டை எடுங்க" என்றார். "போன வருஷ டிசம்பர். யார் யார் வரலைன்னு சிவப்புப் பென்சில்ல ஒரு கோடு போடுங்க, நான் பார்த்துக்கிட்டிருக்கேன்." போட்டேன். பக்கத்தில் பாதியைத் தாண்டும்போதே எனக்குக் கை நின்றுவிட்டது. பையன்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விட்டிருந்தார்கள். தொடர்ச்சியாகக் கோடு விழுந்தது ஏழு பேருக்கு. ஏழும் பெண் பிள்ளைகள், நான்காவது, ஐந்தாவது படிப்பவர்கள். "இவங்க வீட்டுல என்ன பொதுவா இருக்கு?" என்றார். யோசித்தேன். ஏழு பேர் வீட்டிலும் மூன்று வயதுக்குட்பட்ட ஒரு குழந்தை இருந்தது.

அம்மாக்கள் எட்டு மணிக்கு எஸ்டேட்டில் நிற்க வேண்டும். அங்கன்வாடி திறக்க அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஆகும். இடையில் கைக்குழந்தையை யார் பார்ப்பது? அக்காதான். ஒருமுறை வீட்டில் உட்கார்ந்த அக்கா அன்றைக்கு முழுவதும் வர மாட்டாள்.

"சரி, இப்ப நீங்க என்ன செய்யலாம்?" என்று கேட்டார். எனக்குக் கோபமாக வந்தது. அவருக்கு விடை தெரியும், சொன்னால் என்ன என்று நினைத்தேன். அவருக்கும் தெரியாது என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. மூன்று நான்கு வழி நானே சொன்னேன். அதில் ஒன்றை எடுத்தோம். அங்கன்வாடி டீச்சரிடம் பேசி, ஊரில் ஒரு பாட்டியம்மாவையும் பிடித்து, சீசன் முடியும் வரை எட்டு மணிக்கே பள்ளித் தாழ்வாரத்தைத் திறந்தோம். அக்காக்கள் தம்பி தங்கச்சியோடு வந்தார்கள். அங்கன்வாடி திறந்ததும் சின்னதுகள் அங்கே, பெரியவர்கள் வகுப்புக்கு. அந்த டிசம்பரில் ஏழு பேரில் ஐந்து பேர் தொடர்ந்து வந்தார்கள். மற்ற இருவருக்கு வேறு காரணம் இருந்தது. அது தனிக்கதை.

படிப்பின் அருமை தெரியாத மக்கள் என்று நான் சொன்ன வாக்கியத்தை அவர் ஒருபோதும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. நானே அதை நிறுத்திக்கொண்டேன்.

இன்னொன்று. என்னோடு இருந்த ஆசிரியை ஒன்றாம், இரண்டாம் வகுப்பு பார்த்தாள். ஆண்டு முடியப் போகிறது, பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. எனக்கும் அவளுக்கும் பேச்சு குறைந்துவிட்டது. மெமோ எழுதியே வைத்திருந்தேன். பெரிய சாரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தார். "அந்த டீச்சர் வகுப்புல நீங்க கடைசியா எப்ப உட்கார்ந்தீங்க?" என்று கேட்டார். எட்டிப் பார்த்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. "ஒரு வாரம் தினம் அரை மணி நேரம் உட்காருங்க. நோட்டு எடுத்துட்டுப் போகாதீங்க" என்றார்.

உட்கார்ந்தேன். அந்தப் பெண் சோம்பேறி இல்லை. இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்து நடத்த யாரும் அவளுக்குக் காட்டித் தந்ததில்லை. ஒன்றாம் வகுப்புக்கு எழுதிப் போட்டால் இரண்டாம் வகுப்பு சண்டை போடும், இதை அமர்த்தினால் அது கலையும். அதோடு, மலையாளி என்னும் இம்மலைப் பழங்குடிப் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை வீட்டுச் சொல்லைச் சொன்னால் அவள் "தப்பு" என்றாள். அப்புறம் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை. நான் பின்னால் உட்கார்ந்து பார்த்ததால்தான் அந்த முகம் என் கண்ணில் பட்டது. அறையில் உட்கார்ந்து மெமோ எழுதியிருந்தால் பட்டிருக்காது. இருவரும் சேர்ந்து மாற்றினோம். வாரம் இரண்டு நாள் அவள் என் வகுப்பில், நான் அவள் வகுப்பில். பிள்ளைகள் சொல்லும் சொல்லை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் புத்தகச் சொல்லை எழுதினோம். அந்த மெமோவை நான் கிழித்துப் போட்டேன். அவள்தான் போன வாரம் எனக்குப் போன் செய்தவள்.

பிற்காலத்தில் படித்தபோது தெரிந்தது, நாங்கள் தடவித் தடவிக் கண்டதை உலகத்தில் பலர் ஆய்வு செய்தே சொல்லியிருக்கிறார்கள் என்று. 2004ல் கென்னத் லீத்வுட்டும் உடன் ஆய்வாளர்களும், பள்ளிக்குள் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பவற்றில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்குத்தான் என்று தொகுத்தார்கள். எங்கே பள்ளி அதிகம் திணறுகிறதோ அங்கேதான் தலைமையின் பலன் அதிகம் தெரியும் என்றும் சொன்னார்கள். நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் அவருடன் இருந்தவர்களும் 2008ல் தலைமையாசிரியர் செய்யும் வேலைகளைப் பிரித்துப் பார்த்து, ஆசிரியர்களோடு சேர்ந்து தானும் கற்றலில் உட்காரும் வேலைதான் பிள்ளைகளின் படிப்பில் அதிகப் பலன் தருகிறது என்று கண்டார்கள். இங்கிலாந்தில் 1990களின் கடைசியிலேயே தலைமையாசிரியருக்கென்று தனித் தகுதிப் பயிற்சி கொண்டுவந்துவிட்டார்கள். நம்மிடம் 2022ல் தொடங்கிய, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பயிற்சி நூல் உண்டு, ஆசிரியர் கையேடு உண்டு. ஒரே வட்டாரத்தில் ஒரு பள்ளியில் அது உயிரோடு நடந்தது, பக்கத்துப் பள்ளியில் பெட்டியில் கிடந்தது. இரண்டு பள்ளிக்கும் போன புத்தகம் ஒன்றுதான்.

ஆகவே என் கோரிக்கை இது. புதிதாகப் பொறுப்பேற்கும் ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும், முதல் இரண்டு ஆண்டு, மாதம் ஒருமுறை, அவர் பள்ளிக்கே ஒருவர் வரட்டும். பொறுப்புத் தலைமையாசிரியர் என்று வெறும் பொறுப்பில் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அவர்கள் நிலைமை இன்னும் பாவம். அதிகாரம் பாதி, வேலை முழுசு.

இதற்குப் பெயர் கோச்சிங் என்கிறார்கள். நம் சேலத்தில் கோச்சிங் என்றால் டி.என்.பி.எஸ்.சி.க்கும் நீட்டுக்கும் படிக்கிற சென்டர்தான் நினைவுக்கு வரும் என்பதால் எனக்கு அந்தச் சொல் அவ்வளவு ஒட்டவில்லை. நான் உடனிருப்பவர் என்று சொல்லிக்கொள்கிறேன். பெயர் எதுவானாலும் சரி. அவர் செய்ய வேண்டிய வேலை கேட்பது. எங்கே போய்ச் சேரணும்னு நினைக்கிறீங்க? இப்ப எங்கே நிக்கிறீங்க? என்னென்ன வழி தெரியுது? அடுத்த மாசம் நான் வர்றதுக்குள்ள எதைச் செய்வீங்க? பெரிய சார் கேட்டது எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த நான்குக்குள்தான் அடங்கும். பார்க்க எளிதாகத் தெரியும். விடை நாக்கு நுனியில் நிற்கும்போது அதைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

யார் வரலாம் என்பதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் வரக் கூடாது. அவர்கள் நல்லவர்கள் இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. ஆய்வுக்கு வருகிறவரிடம் எந்தத் தலைமையாசிரியரும் "எனக்கு இது தெரியலை" என்று சொல்ல மாட்டார். ஜீப் சத்தம் கேட்டதும் பதிவேடுகளை அடுக்கி, பிள்ளைகளைச் சட்டை சரிசெய்யச் சொல்லி நிற்கிற பழக்கம் எங்கள் எலும்பில் ஊறியது. ஆசிரியர் பயிற்றுநர்களும் இப்போது புள்ளிவிவரம் சேகரித்து அனுப்புவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது என்று வருத்தப்படுகிறார்கள். வருபவர், மதிப்பெண் போடாதவராக, மேலே அறிக்கை அனுப்பாதவராக இருக்க வேண்டும். அந்த அறையில் பேசியது அந்த அறையோடு. ஒரே ஒரு விலக்கு: பிள்ளைகளின் பாதுகாப்பு. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி தெரிந்ததை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை, உடனிருப்பவருக்கும் இல்லை. இதை முதல் நாளே இருவரும் பேசிக்கொள்ளட்டும்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள் இந்த வேலைக்குப் பொருத்தம்தான், ஆனால் எல்லாரும் இல்லை. எங்களில் பலருக்கு "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அப்படி ஒருவர் மாதாமாதம் வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனால் பாவம் அந்தப் புதுத் தலைமையாசிரியருக்கு இன்னொரு சுமைதான். ஆகவே வருபவர்களுக்கும் பயிற்சி வேண்டும், கேட்கும் பயிற்சி. உத்தமசோழபுரத்தில் உங்களிடம் இடம் இருக்கிறது, விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கும்போது மாநில விருதுப் பட்டியலைப் பார்க்காதீர்கள். அவரிடம் வேலை பார்த்த ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். யாரைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்கிறதோ அவர்தான். பணியில் இருக்கும் தலைமையாசிரியர்களையும் மாதம் ஒரு நாள் இதற்கென்று ஆன்டூட்டியில் விடலாம். ஈராசிரியர் பள்ளியில் இருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

மலையில் பிறந்து வளர்ந்து ஆசிரியரானவர்களையும் இதில் சேருங்கள் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். சமவெளியில் இருந்து காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்கும் என் போன்றவர்களுக்கு ஊர் தெரிய வருடக்கணக்காகும். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஏன் ஊரே காலியாகிறது, எந்த வீட்டுக்குப் போனால் கதவு திறக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

செலவு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஒருவர் பத்துப் பள்ளி பார்க்கலாம். பஸ் கட்டணம், ஒரு நாள் மதிப்பூதியம். கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம். இதற்கென்று ஒரு செயலி மட்டும் தயவுசெய்து கொண்டுவந்துவிடாதீர்கள். வந்த நேரம், போன நேரம், போட்டோ, இருப்பிடம் என்று பதிவேற்றம் தொடங்கிய அன்றைக்கே இது இன்னொரு விசிட் ஆகிவிடும். நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கொருமுறை அந்தத் தலைமையாசிரியரைக் கேளுங்கள், போதும்.

எடுத்த எடுப்பில் மாவட்டத்தின் 20 ஒன்றியத்திலும் வேண்டாம். ஏற்காட்டில் தொடங்குங்கள், பெத்தநாயக்கன்பாளையம் ஒன்றியத்தில் கருமந்துறைப் பக்கத்து மலைப் பள்ளிகளில் தொடங்குங்கள். எங்கே ஆள் தனியாக இருக்கிறாரோ அங்கே முதலில். சேலம் மாநகராட்சிப் பள்ளியில் ஒரு சந்தேகம் என்றால் பக்கத்துத் தெருவில் இன்னொரு தலைமையாசிரியர் கிடைப்பார். மலையில் பக்கத்துப் பள்ளிக்கு ஒரு பள்ளத்தாக்கு இறங்கி ஏற வேண்டும். தனித்தனியாகப் பார்ப்பதோடு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பத்துப் பேரும் ஒரு பள்ளியில் கூடி, நிகழ்ச்சி நிரல் இல்லாமல், புள்ளிவிவரம் கேட்காமல், அவரவர் கஷ்டத்தைப் பேசட்டும். பக்கத்துப் பள்ளிகள் சேரும் குறுவள மையக் கூட்டம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். அதில் பேசுபவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் மற்றவர். நான் சொல்வது வேறு.

ஒரு விஷயத்தை நான் தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. பிள்ளைகள் வயிறு நிறைந்து வகுப்பில் உட்காருகிறார்கள், மனதாரச் சொல்கிறேன், அருமையான திட்டம். ஆனால் மாநிலத்தில் சில ஊர்களில் சமைக்கும் அம்மாவின் சாதியைச் சொல்லி, பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு வேண்டாம் என்று பெற்றோர் மறுத்த செய்திகள் நீங்களும் படித்தவைதான். அந்தக் காலை ஏழரை மணிக்கு வாசலில் நிற்பது யார்? ஆட்சியர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட மத்தியானம் ஆகிவிடும். அதுவரை அந்தச் சமையல்கார அம்மாவின் கண்ணீருக்கும், ஊர்க்காரர்களின் கோபத்துக்கும், தட்டோடு நிற்கிற பிள்ளைக்கும் நடுவில் ஒரு தலைமையாசிரியர் தனியாக நிற்கிறார். சட்டம் அவருக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தக் குரலில் பேசுவது, யாரை முதலில் கூப்பிடுவது, தன் கை நடுக்கத்தை என்ன செய்வது என்பதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்லாது. இதற்கு முன்பே ஒருவரோடு உட்கார்ந்து, "அப்படி நடந்தா என்ன செய்வீங்க?" என்று ஒருமுறை பேசியிருந்தால் அவர் உறுதியாக நின்றிருப்பார்.

எனக்குப் போன் செய்த பெண்ணிடம் ரிவர்ஷன் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. "வர்ற சனிக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டேன். குப்பனூர் வழி முதல் பஸ்ஸில் போனேன். அவள் பள்ளியில் 31 பிள்ளைகள். வாசலில் சில்வர் ஓக் மரம், தாழ்வாரத்தில் மிளகுக்கொடி. மூன்று மணி நேரம் இருந்தேன். ஒரு பிள்ளையைப் பற்றி, ஒரு கழிப்பறைக் குழாயைப் பற்றி, அவளோடு வேலை பார்க்கும் சாரைப் பற்றிப் பேசினாள். நான் நடுவில் நான்கைந்து கேள்விதான் கேட்டிருப்பேன். கிளம்பும்போது, "அடுத்த மாசமும் வருவீங்களா மேடம்?" என்றாள்.

நான் போவேன். எனக்கு நேரமும் இருக்கிறது, முழங்கால் இன்னும் ஒத்துழைக்கிறது. ஆனால் அவளுக்கு என் போன் நம்பர் தெரிந்திருந்தது. இந்த ஜூனில் பொறுப்பேற்ற மற்றவர்களுக்கு யாருடைய நம்பர் தெரியும்? கல்வியாண்டு முடிவதற்குள் ஒரு பத்துப் பள்ளிக்காவது இந்த ஏற்பாட்டைச் செய்து பாருங்கள். ஏற்காடு ஒன்றியத்தில் ஓய்வு பெற்றவர்கள் ஆறு பேரிடம் நான் பேசிவிட்டேன். கேட்கக் கற்றுக்கொள்ளவும் மலை ஏறவும் தயாராக இருக்கிறார்கள். எந்த நாளில் எங்கே வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை,
அயோத்தியாப்பட்டணம், சேலம் மாவட்டம்.